‘சும்மா சொன்னேன்’ என்றதையும் குறித்துக்கொண்ட மருத்துவருக்கு

நாடி தொட்டு நலம் நல்கிய நல்லுள்ளமே! நாக்கை நீட்டச் சொன்னதிலேயே நோயின் நடமாட்டம் அறிந்த நுண்ணறிவே! காய்ச்சலென்று வந்தோரிடம் காய்ச்சலோடு கவலையையும் சேர்த்துக் கண்டுகொண்ட கருணையே! ஊசி ஒன்று போட்டாலொழிய உட்கார்ந்த இடம் விட்டு எழுவதில்லை என்று உறுதி பூண்டு வந்தவர்களை, ஊசியும் இல்லாமல், உள்ளமும் நோகாமல், உப்பு நீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லி உவகையோடு அனுப்பிவைத்த உத்தமரே! படபடவென்று அடித்துக்கொள்ளும் மின்விசிறியின் கீழே பத்தொன்பது ஆண்டுகள் பதறாமல் அமர்ந்து பல்லாயிரவரைப் பார்த்த பண்பின் பெட்டகமே! எங்கள் டாக்டரம்மாவே! வணங்கி வரவேற்று, வாழ்த்த வயதில்லாதவர்களும் சேர்ந்து வாழ்த்துகிறோம்.

மேற்படி விளிகளை எழுதி முடிப்பதற்குள் எங்களுக்கு நாலு நாள் ஓடிவிட்டது. மடல் எழுதும் பொறுப்பு பதிவு மேசைக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், இந்த நிலையத்தில் பிறர் படிக்கக்கூடிய கையெழுத்து அங்கே மட்டும்தான் இருக்கிறது என்பதே. மருந்தறைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு ‘ஏ’ போடுங்க, கண்ணாடிச் சட்டம் பெருசா செய்யச் சொல்லியாச்சு, வெள்ளையா எடம் தெரியும்” என்றார். ஆய்வகத்து அக்கா வழக்கம்போலச் சிக்கனமாக, “நீளம்” என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டால் மடல் உருப்படாது என்று பதிவு மேசை தானாகவே முடிவெடுத்துக்கொண்டது. குற்றம் குறை இருந்தால் மேசையையே சாரும்.

டாக்டரம்மா, தங்கள் பணி ஓய்வுக்கு விடை தரும் இந்த வேளையில் தங்கள் பெருமைகளை மட்டும் பாடிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் தங்கள் பெயரில் ஒரு பழியும் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. இந்தத் தெருவில் யாரிடம் விசாரித்தாலும், “தெருவுக்கே பிரஷர் குடுத்த டாக்டரம்மாவா? அதோ, அந்த நீலக் கதவு” என்று சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். தாங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். அந்தப் பழி தங்களுடையது இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். அதற்கு உரியவருக்கும் தெரியும். அவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தாங்கள் இன்று அந்த நீலக் கதவைத் தாண்டுவதற்குள் உண்மையை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கண் கலங்கிக் கேட்டார், டாக்டரம்மா. எங்களால் மறுக்க முடியவில்லை. ஆகவே இந்த மடலில் பாதிக்கு மேல் அவர் கதைதான்.

அதற்கு முன், முறைப்படி தங்கள் சேவையைச் சொல்லிவிடுகிறோம். தாங்கள் பார்த்தவை பெரும்பாலும் சின்ன நோய்கள். சளி, இருமல், வயிற்றெரிச்சல், முதுகுவலி, படர்தாமரை, சர்க்கரை, மூட்டு வீக்கம், பிள்ளைகளின் காதுவலி. சின்ன நோய் என்பது பெரிய மருத்துவமனைக்காரர்கள் வைத்த பெயர். வலிக்கிறவருக்கு எதுவும் சின்னதில்லை என்று தாங்கள் எங்களிடம் சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லை எங்கள் வாயிலிருந்து எடுத்துவிட்டீர்கள். மூன்று வாரம் தாண்டிய இருமல் என்றால் சளியைச் சோதிக்காமல் விட்டதில்லை. சாதாரணத் தொண்டைவலிக்குப் பெரிய மாத்திரை எழுதியதில்லை. காதைக் காட்ட மறுத்து அலறும் பிள்ளையின் கையிலேயே விளக்கைக் கொடுத்து, “முதல்ல நீ என் காதப் பாரு, உள்ள என்ன இருக்குன்னு சொல்லு” என்று காதைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்துகொள்வீர்கள். ஒரு பொடிசு பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்ல, இருட்டு” என்று சொன்னதையும், தாங்கள் அதை அன்று முழுக்க எல்லாரிடமும் சொல்லிச் சிரித்ததையும் நாங்கள் மறக்கவில்லை.

அச்சகத்துக்காரர் ஒருவர் தலைவலி, தலைவலி என்று ஏழு மாதம் ஏறாத படியெல்லாம் ஏறிவிட்டு இங்கே வந்தார். தாங்கள் மேசையில் கிடந்த மருந்துப் பெட்டியை எடுத்து அதன் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னீர்கள். மனிதர் பெட்டியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். அவருக்குக் கண்ணாடி போதுமென்று எழுதிக் கொடுத்து அனுப்பினீர்கள். மருந்தே எழுதவில்லையே என்று முகம் சுருங்கிப் போனவர், பத்தாம் நாள் கண்ணாடியோடு வந்து, எங்கள் அறிவிப்புப் பலகையில் நாலு எழுத்துப்பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அந்தப் பலகையை எழுதியதும் இந்தப் பதிவு மேசைதான் என்பதால் இதற்கு மேல் அந்தக் கதையை நாங்கள் விரிக்கவில்லை.

இனி அவர் கதை.

இங்கே அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ரேடியோ அண்ணன் என்றால்தான் தெரியும். நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காலை எட்டு மணிக்கு வாசலில் செருப்பை விடும்போது தொடங்கும் வாய், பகல் இரண்டு மணிக்குச் செருப்பை மாட்டும்போதுதான் ஓயும். மச்சான் வாங்கிய வண்டி, மனைவி திட்டிய திட்டு, மாடியில் ஒழுகும் குழாய் என்று தன் வீட்டுச் சங்கதி ஒன்றையும் அவர் மிச்சம் வைத்ததில்லை. ஆனால் நோயாளி சொன்னதை வெளியில் விட்டதாக ஒரு தடவைகூடப் பேச்சு வந்ததில்லை. ஜனங்களும் அவரிடம் கொட்டினார்கள். தங்கள் அறைக்குள் வந்ததும் வாயில் பூட்டுப் போட்டுக்கொள்கிறவர்கள்கூட அவருடைய ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்தால் போதும், மடை திறந்துவிடும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் ஓர் உத்தரவு போட்டீர்கள். முப்பது வயது தாண்டிய யார் வந்தாலும், எதற்காக வந்தாலும், ரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் தங்கள் அறைக்குள் வர வேண்டும். அந்த வேலை ரேடியோ அண்ணனுக்குப் போயிற்று. அவருக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை காயத்துக்குக் கட்டுப் போட வந்தவர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவருக்கு, இனி வருகிறவர் அத்தனை பேரும் இரண்டு நிமிடம் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் எதிரில் உட்காரப் போகிறார்கள். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், “நமக்குப் பதவி உயர்வு மாதிரிதான்” என்று சொன்னாராம்.

நாலே மாதத்தில் ஐம்பத்திரண்டு பேருக்குப் புதிதாக ரத்த அழுத்தம் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்தறையில் மாத்திரை இரண்டு தடவை தீர்ந்துபோனது. மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது, அதை நாங்கள் பலகையில் குத்தி வைத்தோம். எல்லாரும் பூரித்துப் போயிருந்தோம். தாங்கள் மட்டும் அந்தக் கடிதத்துக்கு முன்னால் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“ஒரே தெருவுல, ஒரே சமயத்துல, இத்தன பேருக்கு எப்படிங்க வரும்? இது என்ன சளியா, ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டிக்கிறதுக்கு?” என்றீர்கள்.

அன்று முதல் தாங்கள் எங்கள் மருத்துவ நிலையத்தையே ஒரு நோயாளியாக உட்கார வைத்துப் பரிசோதிக்கத் தொடங்கினீர்கள். முதலில் கருவி மேல் சந்தேகம். அதைப் பழுது பார்க்க அனுப்பி, வேறு கருவி வந்தது. எண் இறங்கவில்லை. பிறகு கைப்பட்டை. தையல் நாடாவால் அதன் அகலத்தையும் எல்லார் புஜத்தையும் அளந்தீர்கள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. சாய்மானம் இல்லாத ஸ்டூலை எடுத்துவிட்டு நோயாளிக்குச் சாய்வு நாற்காலி போட்டீர்கள். கை நெஞ்சு உயரத்துக்கு வரும்படி மேசைக்கு அடியில் செங்கல் வைத்தீர்கள். எண் ஏறி நின்ற இடத்திலேயே ஏறக்குறைய நின்றது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் ரேடியோ அண்ணன்தான் செங்கல் தூக்கினார், நாடா பிடித்தார், இடைவிடாமல் பேசிக்கொண்டும் இருந்தார்.

அப்போதுதான் பஸ் டிரைவர் வந்தார். இடுப்பில் படர்தாமரை, அரிப்பு தாங்கவில்லை என்று வந்தவர் அவர். கைப்பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றிக்கொண்டே ரேடியோ அண்ணன், “அந்தக் கண்டக்டரோட சண்டை என்னாச்சு?” என்று கேட்டார். டிரைவர் கொதித்துப் போய்ப் பதில் சொன்னார். நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்று நாலு. அடுத்த வாரம் வந்தார், கண்டக்டர் கதையின் இரண்டாம் பகுதி. அதே எண். மூன்றாம் வாரம், மூன்றாம் பகுதி, இன்னும் இரண்டு எண் கூடுதல். மூன்று முறை பார்த்தாயிற்று என்று தாங்கள் மாத்திரை எழுதினீர்கள். படர்தாமரை களிம்பில் ஆறிப்போனது. மாத்திரைதான் வேலையைக் காட்டியது. கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எழுந்தவருக்குத் தலை சுற்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். டிப்போவில் விஷயம் தெரிந்து, இனிமேல் நீ வண்டியில் ஏற வேண்டாம், உள்ளே டயர் எண்ணிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டார்கள். இருபது ஆண்டு ஓட்டிய கை அது.

அவர் அந்தத் தலைசுற்றலோடு இங்கே வந்த நாளில் ரேடியோ அண்ணன் விடுப்பு. அவர் இடத்தில் ஆய்வகத்து அக்கா உட்கார்ந்திருந்தார். அக்கா “கை” என்றார். டிரைவர் நீட்டினார். நூற்றிரண்டுக்கு அறுபத்து நாலு. அன்று வந்த பழைய ரத்த அழுத்தக்காரர்கள் பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு எண் தடாலென்று இறங்கியிருந்தது. தாங்கள் அந்தப் பதினொன்றையும் ஒரு தாளில் எழுதி, மடித்து, பையில் வைத்துக்கொண்டீர்கள். மறுநாள் ரேடியோ அண்ணன் விடுப்பு முடிந்து வந்தார். எண்களும் அவரோடு சேர்ந்து திரும்பி வந்தன.

அன்று மதியம் நோயாளிகள் எல்லாம் போன பிறகு, தாங்கள் அவர் எதிரில் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினீர்கள்.

“எனக்குப் பாருங்களேன்.”

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பட்டையைச் சுற்றிக்கொண்டே வழக்கம்போல, “பொண்ணுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கா?” என்றார்.

தாங்கள் ஹாஸ்டல்காரர்களை ஒரு பிடி பிடித்தீர்கள். அவரும் கூடச் சேர்ந்து திட்டினார். முள் நூற்று நாற்பத்தாறில் நின்றது.

“இப்ப அஞ்சு நிமிஷம். ரெண்டு பேரும் வாயே தெறக்கக் கூடாது. அப்புறம் மறுபடி பாருங்க.”

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி ரேடியோ அண்ணன் எங்களிடம் சொல்லும்போது, தன் வாழ்நாளிலேயே நீளமான நேரம் அதுதான் என்றார். அலமாரியில் இருந்த பஞ்சு உருண்டைகளை எண்ணினாராம். நூற்றிருபத்திரண்டு. பஞ்சு உருண்டைகள் அல்ல, தங்கள் ரத்த அழுத்தம். மறுபடி பேசச் சொன்னீர்கள். நூற்று நாற்பத்து மூன்று. மறுபடி மௌனம். நூற்றிருபது. தாங்கள் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. முள் ஏறுவதையும் இறங்குவதையும் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

“டாக்டரம்மா... அம்பத்திரண்டு பேருமா?”

“அத்தன பேரும் இருக்காது. உண்மையிலேயே இருக்கறவங்களும் இருப்பாங்க. எல்லாரையும் கூப்பிட்டு நிதானமா மறுபடி பாக்கலாம். நீங்க பட்டையக் கழட்டுங்க முதல்ல, கை மரத்துப் போச்சு.”

ஐந்து வாரம் பிடித்தது. ஒவ்வொருவரையும் மூன்று தனித்தனி நாளில், அமைதியாக உட்கார வைத்து, தாங்களே அளந்தீர்கள். பதினான்கு பேருக்கு ரத்த அழுத்தம் மெய்யாகவே இருந்தது. முப்பத்தெட்டுப் பேருக்கு இல்லை. மாத்திரையை ஒவ்வொருவருக்கும் பார்த்துப் பார்த்துக் குறைத்து நிறுத்தினீர்கள். டிரைவருக்குத் தங்கள் கையாலேயே சான்று எழுதி, டிப்போவுக்குத் தாங்களே போய்க் கொடுத்தீர்கள். அடுத்த திங்கட்கிழமை அவர் வழக்கமான தடத்தில் வண்டி எடுத்தார்.

ரேடியோ அண்ணன்தான் நின்றுவிட்டார். அவர் பேசுவதை விட்டுவிட்டார். பட்டையைச் சுற்றுவார், அளப்பார், எழுதுவார், அடுத்தவரைக் கையால் கூப்பிடுவார். அவ்வளவுதான். நோயாளிகள் அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கோ அந்த மூன்று வாரமும் நிலையத்தில் யாரோ இறந்துவிட்ட மாதிரி இருந்தது. முன்பெல்லாம் அவர் வாயை மூடினால் போதும் என்று புலம்பிய மருந்தறைக்காரர், தானே போய் மச்சான் வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார். பதிலுக்கு ஒரு தலையசைப்புதான் வந்தது. நாலாம் வாரத் தொடக்கத்தில் அவர் மாற்றல் கேட்டு மனு எழுதித் தங்கள் மேசையில் வைத்தார். தடுப்பூசிக் கிடங்குக்குப் போகிறேன் என்று அதில் இருந்தது. அங்கே வெறும் குளிர்பெட்டிகள்தான். எத்தனை பேசினாலும் அவற்றுக்கு ரத்த அழுத்தம் ஏறாது.

மனு மேசையில் கிடந்தது. தாங்கள் அதைத் தொடவில்லை. காரணம், அந்த வாரம் தையல்கார அம்மா ஒருவரைப் பற்றிய கவலை தங்களை அரித்துக்கொண்டிருந்தது. நாலு மாதமாகச் சோர்வு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை. என்ன சாப்பிடுகிறார், மாத்திரை விடாமல் போடுகிறாரா, மாதவிலக்கில் அதிகம் போகிறதா, வயிற்றில் பூச்சியா, எல்லாம் கேட்டீர்கள். அவர் எல்லாவற்றுக்கும் “அதெல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டரம்மா” என்றே சொன்னார். அடுத்த முறையும் ஏறாவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று கடிதம்கூட எழுதி வைத்துவிட்டீர்கள்.

அவர் நாலாவது தடவை வந்த காலையில் ரேடியோ அண்ணன் பேசாமல் பட்டை சுற்றினார், பேசாமல் அளந்தார், பேசாமல் கழற்றினார். கழற்றும்போது அந்த அம்மாவின் உதட்டோரம் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. அவரையறியாமல் வாய் திறந்துவிட்டது.

“என்னம்மா, உதட்டுல மாவு?”

அந்த அம்மா அவசரமாகத் துடைத்துக்கொண்டார். “மாவு இல்லண்ணே. துணியில கோடு போடுவோமே, அந்தச் சாக்கட்டி. வேலைக்கு நடுவுல கொஞ்சம் வாயில போட்டுக்குவேன். இப்பல்லாம் அது இல்லாம கையே ஓட மாட்டேங்குது. டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க. சும்மா சொன்னேன்.”

“சிரிக்க மாட்டாங்கம்மா, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா சொல்லாம இருந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். நான் சொல்லட்டுமா?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ரேடியோ அண்ணன் மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தங்கள் அறைக்குள் வந்து ஒரு முழு வாக்கியம் பேசினார். தாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். ரத்தம் குறைந்த உடம்பு சாக்கட்டியைக் கேட்கும், அந்தச் சாக்கட்டியே மாத்திரையை உடம்பில் சேரவிடாது என்று எங்களுக்குப் பிற்பாடு சொல்லிக் கொடுத்தீர்கள். அன்று தாங்கள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, சாக்கட்டியில் எந்த நிறம் ருசி என்று கேட்டீர்களாம். அந்த அம்மாதான் சிரித்துவிட்டார். சிரித்த வாய் மீதியையும் சொன்னது. மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது வெளிவந்தது. மாதவிலக்கில் பத்து நாள் போவதும், அதைச் சொல்ல வெட்கப்பட்டதும் வெளிவந்தது. மூன்று மாதத்தில் அவர் ரத்தம் ஏழிலிருந்து பதினொன்றுக்கு ஏறியது. இன்று இந்த அரங்கில் கட்டியிருக்கும் திரைச்சீலை அவர் தைத்தது.

அன்று மதியமே தாங்கள் அந்த மாற்றல் மனுவை எடுத்து, ஓரத்தில் இப்படிக் குறிப்பு எழுதினீர்கள்: “அனுப்ப இயலாது. இவர் இல்லாவிட்டால் எனக்குக் காது கேட்காது.” அது இன்னும் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. இரண்டு புது ஏற்பாடுகளும் அன்றே வந்தன. ஒன்று, அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லாரும் வாய் மூடி உட்கார வேண்டும், ரேடியோ உட்பட. பட்டை கழன்ற பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மற்றொன்று, நோயாளி அட்டையில் ‘சும்மா சொன்னது’ என்று ஒரு கட்டம். நோயாளி தங்களிடம் சொல்லத் தயங்கி, அவரிடம் போகிற போக்கில் சொன்னதை, அவர்கள் சம்மதத்தோடு அதில் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதிய ஒரு வரியிலிருந்து எத்தனை சர்க்கரை, எத்தனை காச நோய், எத்தனை மனச்சோர்வு பிடிபட்டது என்பதற்குக் கணக்கே கிடையாது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். முப்பத்தெட்டுப் பேருக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். தாங்கள் அவர்களை ஒரு சனிக்கிழமை காலை கூடத்துக்கு வரச் சொன்னீர்கள். ரேடியோ அண்ணன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். தாங்கள் அவரை அறைக்குள் கூப்பிட்டீர்கள்.

“எனக்கு ஒரு வாக்கு குடுங்க. நீங்க இன்னிக்கு வாயத் தெறக்கக் கூடாது. என்னிக்குமே.”

“தப்பு என்னோடது டாக்டரம்மா. நீங்க ஏன்...”

“இங்க பாருங்க. என் மேல கோபம் வந்தா வேற டாக்டரப் பாத்துக்குவாங்க, நஷ்டம் இல்ல. உங்க மேல நம்பிக்கை போச்சுன்னா உங்ககிட்ட பேச மாட்டாங்க. எனக்கு அவங்க பேசணும். வாக்கு குடுங்க.”

அவர் கொடுத்தார். தாங்கள் கூடத்துக்குப் போய் நின்று, “நாங்க தப்பா அளந்துட்டோம்” என்றுகூடச் சொல்லவில்லை. “நான் தப்பா அளந்துட்டேன். மன்னிச்சிடுங்க” என்றீர்கள். அவர் பின்னால் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்.

டாக்டரம்மா, பதினோரு ஆண்டு! தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதை இரண்டு மணிநேரம் மனத்தில் வைத்திருக்க முடியாத மனிதர், இந்த ஒன்றைப் பதினோரு ஆண்டு வைத்திருந்தார். மனைவியிடமும் சொல்லவில்லை. யாராவது தங்களைப் பார்த்து ‘தெருவுக்கே பிரஷர் குடுத்த டாக்டரம்மா’ என்று கேலி பேசும்போதெல்லாம் பின்பக்கக் குழாயடிக்குப் போய்ச் சுத்தமாக இருக்கிற கையைத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். நாங்கள் அதைச் சுகாதாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தாங்கள் ஓய்வு பெறும் தேதி பலகையில் ஏறிய அன்று அவருக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று. இனி இந்தப் பழி தங்களோடு வீட்டுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. வாக்கை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் மீறினார். விழாவில் சொல்வதற்கு முன் உரியவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று, ஒரு மாதமாகத் தினமும் மாலையில் வீடு வீடாகப் போனார். முப்பத்தெட்டுப் பேரில் மூன்று பேர் இப்போது இல்லை, ஐந்து பேர் குடிமாறிப் போய்விட்டார்கள். மீதி முப்பது வீடு.

முதலில் டிரைவர் வீடு. வாசலில் நின்றபடியே, மூச்சு விடாமல், முழுவதையும் ஒப்பித்துவிட்டார். டிரைவர் அவரைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“அண்ணே, நீங்க லீவுல இருந்தன்னிக்கு எனக்கு நூத்திரண்டு. மறுநாள் நீங்க வந்து அளந்ததுமே அது ஏறிப்போச்சு. நான் முள்ளப் பாத்துப் பாத்தே வண்டி ஓட்டறவன். இது எனக்குத் தெரியாதா?”

“அப்பவே தெரியுமா?”

“எனக்கு மட்டுமா? அன்னிக்குக் கூடத்துல உக்காந்திருந்த அத்தன பேருக்கும் தெரியும். நீங்க சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னீங்களே, அதப் பாத்தா கொழந்தைக்குக்கூடப் புரியும். டாக்டரம்மா தன் மேல போட்டுக்கிட்டாங்க. உங்கள விட்டுக்குடுக்க அவங்களுக்கு மனசில்ல. அப்புறம் நாங்க எப்படி விட்டுக்குடுக்கறது?”

ரேடியோ அண்ணன் தண்ணீரைக் கீழே வைத்தார். “தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து பேசிட்டு இருந்தீங்க?”

“வேற யாருகிட்ட பேசறதாம்?”

முப்பது வீட்டிலும் இதே பதில்தான், வார்த்தை மட்டும் வேறு வேறு. ஒரு வீட்டில், இதைச் சொல்ல இத்தனை நாளா என்று திட்டினார்கள். ஒரு வீட்டில், அப்போது பாதியில் நின்றுபோன மச்சான் கதையை முடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

பண்பிற் சிறந்த பெருந்தகையே! இம்மடலை இதுவரை உரக்க வாசித்துக்கொண்டிருக்கும் குரல் யாருடையது என்று தாங்கள் முதல் வரியிலேயே கண்டுகொண்டிருப்பீர்கள். ‘அவர், அவர்’ என்று மூன்றாம் மனிதரைப் போல எழுதித் தரச் சொன்னதும் அவரே, இல்லாவிட்டால் தன்னால் வாசிக்க முடியாது என்று. பழி இப்போது உரியவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. தங்கள் பெயர் சுத்தமாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது முடியாது. உண்மை பேசுவது என்று தொடங்கிவிட்டோம், பாதியில் நிறுத்துவது அழகில்லை.

தாங்களும் ஒரு தவறு செய்துவிட்டீர்கள், டாக்டரம்மா. உண்மை தெரிந்தால் இந்த ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும், பேச மாட்டார்கள் என்று கணித்தீர்கள். அவர்களுக்கு உண்மை அன்றே தெரியும். நம்பிக்கை போகவும் இல்லை, பேச்சு நிற்கவும் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளில் எங்கள் கண்ணெதிரே தங்கள் கணிப்பு இவ்வளவு பெரிதாகத் தவறியது இந்த ஒரு தடவைதான். இந்தத் தவறு முழுக்க முழுக்கத் தங்களுடையது. இதைத் தன் மேல் போட்டுக்கொள்ள எங்களில் ஒருவரும் முன்வர மாட்டோம்.

நலம் தந்த தாங்கள் நலமே பெறுக! கண்ணும் காலும் காதும் கடைசிவரை கைவிடாது காக்க, மூட்டு வலியாமல், மூச்சு வாங்காமல், மூன்று வேளைப் பசியும் முழு இரவுத் தூக்கமும் முறை தவறாமல் வர, அருமை மகளும் அன்புக் கணவரும் அருகிருக்க, நூறாண்டு தாண்டியும் நோயற்று வாழ்க! வாழ்க! என்று வாயாரச் சொல்லி, தாங்கள் எப்போது அந்த நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் சீட்டுப் பதியாமல் உள்ளே விடுவதாக உறுதியளித்து,

விடை தர மனமில்லாமல் விடை தரும்
தங்கள் பதிவு மேசை, மருந்தறை, ஆய்வகம், துப்புரவுப் பிரிவு,
மற்றும், பட்டையைக் கழற்றிய பிறகு மட்டும் பேசும்,
தங்கள் ரேடியோ.